லினக்ஸ்ல சி டிரைவ் எங்க இருக்கு, ஒரே சாஃப்ட்வேர் ஏன் நாலு இடத்துல சிதறிக் கிடக்கு?

தம்பி ஒருத்தர் விண்டோஸ்ல இருந்து உபுண்டு லினக்ஸுக்கு மாறி ரெண்டு வாரம் ஆகுது. என்ஜின்எக்ஸ்ங்கற வெப் சர்வர் இன்ஸ்டால் பண்ணிட்டு அதோட ஃபோல்டர் எங்கன்னு தேடியிருக்கார். புரோகிராம் /யூஎஸ்ஆர்/எஸ்பின்ல இருக்கு, செட்டிங்ஸ் /இடிசி/என்ஜின்எக்ஸ்ல இருக்கு, லாக் (நடந்ததைக் குறிச்சு வைக்கிற ஃபைல்) /வார்/லாக்/என்ஜின்எக்ஸ்ல இருக்கு, வெப் பேஜ் /வார்/டபிள்யூடபிள்யூடபிள்யூ உள்ள இருக்கு. "இதுல எதுண்ணே என்ஜின்எக்ஸ் ஃபோல்டர், எதை டெலீட் பண்ணா அது போகும், சி டிரைவ் டி டிரைவ் எல்லாம் எங்க, இப்படி கண்டபடி பிரிச்சு வெச்சது யாரு" அப்படின்னு ஒரே மூச்சுல கேட்டார். நல்ல கேள்விதான், நானும் ஆரம்பத்துல இதே கடுப்புல இருந்தவன், அதனால கொஞ்சம் நீளமாவே சொல்றேன். பேரெல்லாம் வாயால சொல்ற மாதிரி தமிழ்லயே எழுதறேன், டெர்மினல்ல அடிக்கிறப்ப இங்கிலீஷ்ல அடிச்சுக்கங்க.

முதல் விஷயம், என்ஜின்எக்ஸ் ஃபோல்டர்னு ஒண்ணு கிடையாது. இருக்கணும்னு நீங்க எதிர்பாக்கறதுக்குக் காரணம் விண்டோஸ் பழக்கம். பொருட்காட்சிக்குப் போனீங்கன்னா ஒவ்வொரு கம்பெனிக்கும் ஒரு ஸ்டால் இருக்கும், அந்தக் கம்பெனியோட சோப்பு, பேஸ்ட், ஊதுபத்தி எல்லாம் அந்த ஒரு ஸ்டால்லயே கிடைக்கும், விண்டோஸோட புரோகிராம் ஃபைல்ஸ் ஃபோல்டர் அந்த மாதிரி. லினக்ஸ் எந்தப் பழைய ஓஎஸ்ஸைப் பாத்து எழுதினதோ அந்த யூனிக்ஸ் மளிகைக்கடை மாதிரி. சோப்பெல்லாம் ஒரு ஷெல்ஃப்ல, எண்ணெயெல்லாம் ஒரு ஷெல்ஃப்ல, எந்தக் கம்பெனின்னு கடைக்காரருக்குக் கவலை இல்ல. ஓட்டுற புரோகிராம் எல்லாம் ஒரு இடம், செட்டிங்ஸ் எல்லாம் ஒரு இடம், நாளுக்கு நாள் வளர்ற லாக், டேட்டாபேஸ் மாதிரி சமாச்சாரம் எல்லாம் இன்னொரு இடம். அதாவது யாரோடதுங்கறதை வெச்சுப் பிரிக்கல, எப்படிப்பட்ட சரக்குங்கறதை வெச்சுப் பிரிச்சிருக்காங்க. இதை மட்டும் மனசுல வாங்கிட்டீங்கன்னா பாதி குழப்பம் போயிடும், மீதி பாதி சரித்திரம், அதுக்கு அப்புறம் வரேன்.

சி டிரைவ் விஷயத்தை முதல்ல முடிச்சிடலாம். டிரைவுக்கு எழுத்து வைக்கிற பழக்கம் சிபி/எம்ங்கற பழைய ஓஎஸ்ல இருந்து, விண்டோஸுக்கு முன்னாடி மைக்ரோசாஃப்ட் வெச்சிருந்த டாஸுக்கு வந்தது, டாஸ் முதல் வெர்ஷன்ல டைரக்டரியே (ஃபோல்டரைத்தான் இப்படிச் சொல்றது) கிடையாது, ஒரு ஃப்ளாப்பில இருக்கற எல்லா ஃபைலும் ஒரே லிஸ்ட்ல கிடக்கும். 1983ல வந்த டாஸ் 2.0லதான் யூனிக்ஸைப் பாத்து டைரக்டரி சேத்தாங்க, ஆனா சாய்கோட்டை (/) ஏற்கனவே கமாண்டோட ஆப்ஷனுக்குப் பயன்படுத்திட்டு இருந்ததால, ஃபைல் எங்க இருக்குன்னு சொல்ற பாதைக்குத் திருப்பிப் போட்ட கோட்டை எடுத்துக்கிட்டாங்க. அதனாலதான் இன்னைக்கு வரைக்கும் ரெண்டு பக்கமும் கோடு எதிரெதிரா சாயுது.

யூனிக்ஸ்ல எத்தனை டிஸ்க் இருந்தாலும் மரம் ஒண்ணுதான். உச்சியில வெறும் / மட்டும், அதுக்குப் பேர் ரூட். புதுசா ஒரு ஹார்ட் டிஸ்க் மாட்டினா அதுக்குத் தனி எழுத்து கிடையாது, ஏற்கனவே மரத்துல இருக்கற ஏதோ ஒரு காலி டைரக்டரி மேல அதை ஒட்ட வைக்கணும், மாமரத்துல ஒட்டு கட்டற மாதிரி, இதைத்தான் மவுன்ட் பண்றதுன்னு சொல்றாங்க. யூஎஸ்பி குச்சி சொருகினா உபுண்டு தானாவே /மீடியா கீழ உங்க பேர்ல ஒரு டைரக்டரி போட்டு அதுல ஒட்டிடும். கையால தற்காலிகமா மாட்டறதுக்கு /எம்என்டி. ஒருவேளை நீங்க ஒட்டற டைரக்டரி காலியா இல்லாம உள்ள ஃபைல் இருந்துச்சுன்னா அந்த ஃபைல் அழியாது, ஆனா கண்ணுக்குத் தெரியாது, மேல பாய் விரிச்ச மாதிரி. அன்மவுன்ட் பண்ணினா மறுபடி தெரியும். இது தெரியாம பேக்கப் டிஸ்க் மவுன்ட் ஆகாத நாள்ல பேக்கப் ஸ்கிரிப்ட் ஓடி, மெயின் டிஸ்க்குலயே எழுதித் தள்ளி, அடுத்த நாள் பேக்கப் டிஸ்க் மேல வந்து உக்காந்ததும் அந்த இடத்தைத் தின்ன ஃபைல் எங்கன்னே தெரியாம முழிச்ச ஆளுங்க நிறைய பேர், நானும் அதுல ஒருத்தன்.

இப்ப டைரக்டரின்னா உண்மையில என்னன்னு பாக்கலாம். ஃபோல்டர்னு படம் போட்டுக் காட்டறதால அது ஒரு பை, உள்ள ஃபைல் இருக்குன்னு நினைக்கிறோம். அப்படி இல்ல. டைரக்டரியும் ஒரு ஃபைல் மாதிரிதான், அதுக்குள்ள இருக்கறது ஒரு பட்டியல், ஒரு பக்கம் பேரு, இன்னொரு பக்கம் ஒரு நம்பர். அந்த நம்பருக்கு ஐநோட் நம்பர்னு பேர். ஃபைலோட சைஸ், ஓனர், பர்மிஷன், டிஸ்க்குல எங்கெங்க அதோட டேட்டா இருக்கு, எல்லாம் ஐநோட்லதான் இருக்கும், ஒண்ணு மட்டும் இருக்காது, ஃபைலோட பேரு. பேரு டைரக்டரிப் பட்டியல்ல மட்டும்தான். 1979ல வந்த யூனிக்ஸ் ஏழாம் வெர்ஷன்ல இந்தப் பட்டியல்ல ஒரு வரி சரியா 16 பைட், 2 பைட் ஐநோட் நம்பருக்கு, 14 பைட் பேருக்கு, அவ்வளவுதான். அதனால 14 எழுத்துக்கு மேல ஃபைல் பேர் வைக்க முடியாது. அப்புறம் 1983ல பெர்க்லி யுனிவர்சிட்டிகாரங்க அவங்களோட யூனிக்ஸான 4.2 பிஎஸ்டியில அதை 255 ஆக்கினாங்க, லினக்ஸ்ல டிஸ்க்கை ஃபார்மேட் பண்ற எக்ஸ்ட்4 முறையிலயும் இன்னைக்கு அதே 255 பைட்தான்.

பைட்னு சொன்னதை கவனிங்க, எழுத்துன்னு சொல்லல. தமிழ்ல ஃபைல் பேர் வெச்சா, எல்லா மொழி எழுத்தையும் பைட்டா மாத்தற யூடிஎஃப்-8 முறையில ஒவ்வொரு குறிக்கும் 3 பைட் போகும், புள்ளியும் கொம்பும் தனித்தனிக் குறி. 'தமிழ்'னு ஒரு வார்த்தைக்கே 5 குறி, 15 பைட். பழைய 14 பைட் கணக்குல தமிழ்ங்கற பேரையே வைக்க முடியாது பாத்துக்கங்க! இப்ப 255ல 85 குறி வரைக்கும் போகலாம், டவுன்லோட் பண்ற நீளமான தமிழ்ப் பேர் ஃபைல் சில சமயம் பேரு ரொம்ப நீளம்னு எர்ரர் குடுக்கறது இதனாலதான். பேருக்குள்ள வரக்கூடாததுன்னு ஓஎஸ்ஸோட மையமான கர்னல் சொல்றது ரெண்டே பைட், ஒண்ணு சாய்கோடு, இன்னொண்ணு ஜீரோ பைட். வேற எது வேணா வரலாம், ஸ்பேஸ், என்டர் கூட. இந்த விதியை மனசுல வெச்சுதான் யூனிக்ஸை ஆரம்பிச்ச கென் தாம்ப்ஸன் 1992 செப்டம்பர்ல நியூ ஜெர்சியில ஒரு சாப்பாட்டுக் கடை டேபிள்ல, தட்டுக்கு அடியில விரிக்கிற பேப்பர்ல, யூடிஎஃப்-8 எப்படி இருக்கணும்னு போட்டார், பக்கத்துல கூட வேலை பாத்த ராப் பைக் இருந்தார். எந்த மொழி எழுத்தோட பைட்டுக்குள்ளயும் தற்செயலா சாய்கோட்டோட பைட் வந்துடாது, அதனால தமிழ் ஃபைல் பேரு யூனிக்ஸ் பாதையை உடைக்காது. கர்னலுக்குத் தமிழ் ஒரு எழுத்து கூட தெரியாது, ஆனாலும் நம்ம பேர் வேலை செய்யுது.

பேரும் ஃபைலும் தனின்னு புரிஞ்சா நிறைய விஷயம் தானா அவிழும். ஒரே ஐநோட்டுக்கு ரெண்டு டைரக்டரியில ரெண்டு பேர் வைக்கலாம், அதுதான் ஹார்ட் லிங்க், அதுல இது ஒரிஜினல் அது காப்பின்னு எதுவும் கிடையாது, ரெண்டும் சமம். டெலீட் பண்றதுக்கு அடிக்கிற ஆர்எம் கமாண்ட் ஃபைலை அழிக்காது, பேரைத்தான் பட்டியல்ல இருந்து அடிக்கும், கடைசிப் பேரும் போய், அந்த ஃபைலை எந்த புரோகிராமும் திறந்து வெச்சிருக்கலைன்னாதான் இடம் நிஜமா விடுபடும். அதே டிஸ்க்குக்குள்ள 50 ஜிபி ஃபைலை ஒரு டைரக்டரியில இருந்து இன்னொண்ணுக்கு மாத்தினா கண் சிமிட்டற நேரத்துல முடியும், ஏன்னா பேரு மட்டும்தான் இடம் மாறுது. வேற டிஸ்க்குக்கு மாத்தினா முழுசா காப்பி ஆகணும், டீ குடிச்சிட்டு வரலாம்.

முன்ன வேலை பாத்த ஒரு ஆபீஸ்ல ராத்திரி ரெண்டு மணிக்கு சர்வர் படுத்துருச்சுன்னு ஃபோன். டிஸ்க்குல எவ்வளவு இடம்னு காட்டற டிஎஃப் கமாண்ட் போட்டுப் பாத்தா /வார் நூறு சதவீதம் ஃபுல். லாக் ஃபைல் ஒண்ணு பூதம் மாதிரி வளந்து நிக்குது. தூக்கக் கலக்கத்துல ஆர்எம் அடிச்சேன், ஃபைல் லிஸ்ட் காட்டற எல்எஸ் போட்டா ஃபைல் இல்ல, டிஎஃப் போட்டா அப்பவும் நூறு சதவீதம். டியூ போட்டா பாதி டிஸ்க் காலின்னு சொல்லுது, டிஎஃப் ஃபுல்லுன்னு சொல்லுது, ரெண்டுல எது பொய்னு தெரியல. ரெண்டுமே பொய் இல்ல. டியூ டைரக்டரி டைரக்டரியா நடந்து பேர் இருக்கற ஃபைலை மட்டும் எண்ணும், டிஎஃப் டிஸ்க்கையே கேக்கும். பேரில்லாத அந்த ஃபைலை சர்வர் புரோகிராம் இன்னும் கையில பிடிச்சுக்கிட்டு இருந்துச்சு, ரீஸ்டார்ட் பண்ணினதும்தான் இடம் வந்துச்சு. எல்எஸ்ஓஎஃப்னு ஒரு கமாண்ட் இருக்கு, யார் பிடிச்சிருக்காங்கன்னு காட்டும், அன்னைக்கு அது தெரிஞ்சிருந்தா ஒரு மணி நேரம் முன்னாடியே படுத்திருப்பேன். இதுக்கு எதிர் மாதிரியும் ஒண்ணு வரும், டிஸ்க்குல ஏகப்பட்ட இடம் இருக்கும் ஆனா இடமில்லைன்னு எர்ரர் வரும். அது ஐநோட் தீந்து போன கேஸ். எக்ஸ்ட்4ல மொத்தம் எத்தனை ஐநோட்னு ஃபார்மேட் பண்றப்பவே முடிவாயிடும், லட்சக்கணக்கா குட்டிக் குட்டி ஃபைல் சேந்தா அதுதான் முதல்ல காலியாகும். டிஎஃப் மைனஸ் ஐ போட்டுப் பாருங்க.

பர்மிஷனும் இதே கதைதான். ஒரு ஃபைலை டெலீட் பண்ண அந்த ஃபைல் மேல எழுதற உரிமை தேவையில்ல, அது இருக்கற டைரக்டரி மேல எழுதற உரிமை போதும், ஏன்னா நீங்க மாத்தறது பட்டியலைத்தான். டைரக்டரிக்கு ரீட் இருந்தா பட்டியலைப் படிக்கலாம், எக்ஸிக்யூட் இருந்தா அது வழியா உள்ள நடந்து போகலாம். அப்படின்னா எல்லாரும் எழுதலாம்னு திறந்து விட்ட /டெம்ப்ல ஒருத்தர் ஃபைலை இன்னொருத்தர் அழிச்சிட மாட்டாங்களான்னு கேப்பீங்க, அதுக்குத்தான் அங்க ஸ்டிக்கி பிட்னு ஒண்ணு போட்டிருக்கும், எல்எஸ் மைனஸ் எல்ல பர்மிஷன் எழுத்துகளோட கடைசியில ஒரு டி (t) எழுத்து தெரியும், அவங்கவங்க ஃபைலை அவங்கவங்க மட்டும்தான் எடுக்க முடியும்.

சரி, சரித்திரத்துக்கு வரேன். நீங்க கேட்டதுல யாரு பிரிச்சதுன்னு ஒண்ணு இருந்துச்சு. உக்காந்து யோசிச்சுப் பிரிச்சது கொஞ்சம், டிஸ்க் பத்தாம பிரிஞ்சது நிறைய.

மரம் மாதிரி டைரக்டரிங்கற ஐடியா யூனிக்ஸுக்கு முந்தின ஓஎஸ்ஸான மல்டிக்ஸ்ல இருந்து வந்தது, அங்க பாதைக்கு நடுவுல போடற குறி சாய்கோடு இல்ல, > குறி. பெல் லேப்ஸ்ங்கற ஆராய்ச்சிக் கூடம் அந்த புராஜெக்டை விட்டு வெளிய வந்ததும், அங்க வேலை பாத்த கென் தாம்ப்ஸன், டென்னிஸ் ரிச்சி ரெண்டு பேரும் 1969ல ஒரு பழைய பிடிபி-7 மெஷின்ல சொந்தமா ஆரம்பிச்சாங்க. அதுல டைரக்டரி இருந்துச்சு ஆனா பாதை எழுத வழி கிடையாது, இருக்கற டைரக்டரியில உள்ள பேரை மட்டும்தான் சொல்ல முடியும். சாய்கோடு போட்ட பாதை அப்புறம் பிடிபி-11க்குப் போனப்பதான் வந்துச்சு. அங்கதான் டிஸ்க் பிரச்சனையும் வந்துச்சு. 1974ல அவங்க ரெண்டு பேரும் எழுதின பேப்பர்ல அவங்க மெஷின்ல என்ன இருந்துச்சுன்னு சொல்லியிருக்காங்க, 1 எம்பி டிஸ்க் ஒண்ணு, 2.5 எம்பி பிடிக்கிற கழட்டற டிஸ்க் நாலு, 40 எம்பி டிஸ்க் ஒண்ணு. உங்க ஃபோன்ல எடுக்கற ஒரு போட்டோவே 3 எம்பிக்கு மேல வரும்.

முதல் டிஸ்க்குல ஓஎஸ்ஸும் கமாண்டும், அதுதான் ரூட், கமாண்ட் எல்லாம் /பின்ல. அடுத்த டிஸ்க்குல ஆளுங்களோட சொந்த ஃபைல், அதை மவுன்ட் பண்ணின இடம் /யூஎஸ்ஆர், கென்னோட வீடு /யூஎஸ்ஆர்/கென். ஆமா, யூஎஸ்ஆர்னா யூஸர்தான், இன்னைக்கு ஹோம்னு சொல்றது அன்னைக்கு அதுதான். யூனிக்ஸ் சிஸ்டம் ரிசோர்சஸ்னு விரிச்சுச் சொல்றது அப்புறம் யாரோ பொருத்தமா கட்டிவிட்டது, இன்டர்வியூல கேட்டா சிரிச்சிட்டு விட்டுடுங்க. கமாண்ட் பெருகப் பெருக முதல் டிஸ்க் தாங்கல, அடுத்த டிஸ்க்குல இடம் இருந்துச்சு, அங்க போய் /யூஎஸ்ஆர்/பின்னு ஒண்ணு போட்டு மிச்சத்தை வெச்சாங்க. வீட்ல அலமாரி நிறைஞ்சா பரண்ல ஏத்தற மாதிரி. ஆனா ஒரு சிக்கல், பூட் ஆகி அந்த ரெண்டாவது டிஸ்க் மவுன்ட் ஆகற வரைக்கும் பரணுக்கு ஏணி கிடையாது, மவுன்ட் பண்ற புரோகிராமே அந்த டிஸ்க்குல இருந்தா கதை கந்தல், அதனால பூட்டுக்கு வேணுங்கறது ரூட்ல, மிச்சம் /யூஎஸ்ஆர்லன்னு ஒரு நியாயம் பிறந்துச்சு. டிஸ்க் பெருசானதுக்கு அப்புறமும் நியாயம் மட்டும் அப்படியே நின்னு போச்சு, பல வருஷம் கழிச்சு வந்தவங்க அதை வேத வாக்கா எடுத்துக்கிட்டு எந்தக் கமாண்ட் /பின்ல இருக்கணும் எது /யூஎஸ்ஆர்/பின்ல இருக்கணும்னு சண்டை போட்டாங்க.

அந்தச் சண்டை முடிஞ்சதோட அடையாளம்தான் நீங்க எல்எஸ்ல பாக்கற அம்புக்குறி, /பின்ல இருந்து யூஎஸ்ஆர்/பின்னுக்கு. உபுண்டு மாதிரியே இன்னொரு லினக்ஸ் வகையான ஃபெடோரா 2012ல 17ஆம் வெர்ஷன்ல ரெண்டையும் சேத்தாங்க, இன்னொரு வகையான டெபியன் பொறுமையா வந்து 2023ல 12ஆம் வெர்ஷன்ல சேந்தேதான் இருக்கணும்னு ஆக்கினாங்க. பழைய ஸ்கிரிப்ட் உடையக்கூடாதுன்னு பழைய பேர் சிம்பாலிக் லிங்க்கா, அதாவது புது இடத்தைக் கைகாட்டற பலகையா நிக்குது. இதெல்லாம் எவ்வளவு ஆபத்தான இடம்னு தெரியணும்னா 2011ல பம்பிள்பீங்கற லேப்டாப் கிராஃபிக்ஸ் புராஜெக்ட்ல நடந்ததைச் சொல்லணும், அவங்க இன்ஸ்டால் ஸ்கிரிப்ட்ல அழிக்கச் சொன்ன பாதையில /யூஎஸ்ஆர்னு எழுதினதுக்கு அப்புறம் தவறி ஒரு ஸ்பேஸ் விழுந்துருச்சு. உள்ள இருக்கற குட்டி டைரக்டரி ஒண்ணை அழிக்க வேண்டிய ஆர்எம், ஓட்டினவங்களோட மொத்த /யூஎஸ்ஆரையும் வழிச்சிட்டுப் போயிருச்சு.

/இடிசிக்கும் பெரிய தத்துவம் எதுவும் இல்ல, இத்யாதி இத்யாதிங்கறோமே, அந்த எட்செட்ராதான் அது. வேற எங்கயும் பொருந்தாததைப் போட்ட இடம், அந்தக் காலத்துல இனிட், மவுன்ட் மாதிரி புரோகிராம் கூட அங்கதான் இருந்துச்சு. இப்ப பெரும்பாலும் செட்டிங்ஸ்தான், அனேகமா எல்லாம் படிக்கக்கூடிய டெக்ஸ்ட். சர்வர் மாத்தறப்ப முதல்ல பேக்கப் எடுக்க வேண்டியது இதைத்தான், புரோகிராமை மறுபடி டவுன்லோட் பண்ணிக்கலாம், நீங்க ராத்திரி முழிச்சு மாத்தின அந்த ஒரு வரி எங்கயும் கிடைக்காது.

/வார் வந்த கதைதான் எனக்குப் பிடிச்சது. எண்பதுகள்ல சன் கம்பெனி, வேற மெஷின் டிஸ்க்கை நெட்வொர்க்ல மவுன்ட் பண்ற என்எஃப்எஸ் கொண்டுவந்து, டிஸ்க்கே இல்லாத மெஷின்கள் நெட்வொர்க் வழியா ஒரே /யூஎஸ்ஆரைப் பங்கு போட்டுக்கற ஏற்பாடு பரவிச்சு. டிஸ்க் விலை அப்ப அப்படி. பத்து மெஷின் ஒரே /யூஎஸ்ஆரைப் படிக்கணும்னா அதுல யாரும் எழுதக்கூடாது, ஆனா மெயில், பிரிண்டர் வரிசை, லாக் எல்லாம் அதுவரைக்கும் /யூஎஸ்ஆர் உள்ளதான் எழுதிட்டு இருந்துச்சு. அதனால மாறிக்கிட்டே இருக்கறதை எல்லாம் பிடுங்கி ஒரு தனி டைரக்டரியில போட்டாங்க, வேரியபிள், சுருக்கி வார். இந்தப் பிரிவினை வந்த பிறகுதான் டிஸ்க் பத்தாம குத்துமதிப்பா வளந்த மரத்துக்கு ஒரு லாஜிக் கிடைச்சுது.

லினக்ஸ்காரங்க 1994 பிப்ரவரி 14 அன்னைக்கு, காதலர் தினத்துல, எதை எங்க வைக்கணும்னு ஒரு விதிமுறை வெளியிட்டாங்க, அதுதான் வளந்து எஃப்ஹெச்எஸ் ஆச்சு, 2015ல வந்த 3.0 வரைக்கும். முழுசா படிக்க வேண்டாம், அதுல இருக்கற ரெண்டு கேள்வி போதும். இந்த ஃபைல் தானா மாறுமா, மாறாதா? இதை வேற மெஷினோட பங்கு போட முடியுமா, இந்த மெஷினுக்கே உரியதா? மாறாது, பங்கு போடலாம்னா /யூஎஸ்ஆர். மாறாது, ஆனா இந்த மெஷினுக்கு மட்டும்னா /இடிசி, /பூட். மாறும், பங்கு போடலாம்னா /வார்/மெயில் மாதிரி. மாறும், இந்த மெஷினுக்கு மட்டும்னா /வார்/லாக் மாதிரி. இப்ப உங்க என்ஜின்எக்ஸை இந்த ரெண்டு கேள்வியால வகுந்து பாருங்க, சிதறினதா தெரிஞ்சது எல்லாம் அது அது இடத்துல உக்காந்திருக்கும். இதால கிடைக்கற லாபமும் நிஜமானது, /யூஎஸ்ஆரை எழுத முடியாதபடி மவுன்ட் பண்ணலாம், /வாரைத் தனி பார்ட்டிஷன்ல போட்டா லாக் வெடிச்சாலும் ரூட் டிஸ்க் தப்பிக்கும், /இடிசியை மட்டும் மாத்தினதை எல்லாம் பதிஞ்சு வைக்கிற கிட் சாஃப்ட்வேர்ல வெச்சு யார் என்ன மாத்தினாங்கன்னு பாக்கலாம். பொருட்காட்சி ஸ்டால் முறையில இதெல்லாம் ஒவ்வொரு ஸ்டாலாப் போய்ப் பண்ணணும்.

இன்னொரு கூட்டம் இருக்கு, டிஸ்க்குலயே இல்லாத டைரக்டரிகள். /டெவ் உள்ள இருக்கறது ஃபைல் மாதிரி வேஷம் போட்ட ஹார்ட்வேர், அதுல எழுதினா டிரைவருக்குப் போகும், /டெவ்/நல்லுக்கு எழுதினா கிணத்துல போட்ட கல். /ப்ராக்ல ஓடிட்டு இருக்கற ஒவ்வொரு புரோகிராமுக்கும் அதோட நம்பர்ல ஒரு டைரக்டரி, /ப்ராக்ங்கற ஐடியாவை முதல்ல 1984 வாக்குல பெல் லேப்ஸ்ல டாம் கிலியன் எட்டாம் வெர்ஷன் யூனிக்ஸ்க்குக் கொண்டுவந்தார். அங்க ஃபைல் சைஸ் எல்லாம் ஜீரோன்னு காட்டும், திறந்தா மட்டும் உள்ள விஷயம் இருக்கும், நீங்க படிக்கிற நொடியில கர்னல் எழுதிக் கொடுக்குது. /சிஸ் அதோட தம்பி, 2.6 கர்னலோட வந்தது. /ரன் மெமரியில இருக்கும், பூட் ஆனா காலி. /டெம்ப்பையும் நம்பி எதையும் வைக்காதீங்க, ரீபூட்ல போயிடும், அந்த மாதிரி தற்காலிகம் ஆனா ரீபூட் தாண்டி நிக்கணும்னா /வார்/டெம்ப்.

ஹோம் உங்களுக்கே தெரியும். அட்மினோட வீடு மட்டும் /ஹோம் கீழ இல்லாம தனியா /ரூட்னு இருக்கறதுக்குக் காரணம், /ஹோம் வேற டிஸ்க்குல இருந்து அது மவுன்ட் ஆகலைன்னாலும் ரிப்பேர் பண்ண அட்மின் உள்ள வரணும். உச்சியில இருக்கற / தான் ரூட், அதுக்குள்ள /ரூட்டும் இருக்கு, அந்த யூஸர் பேரும் ரூட்டு, மூணுக்கும் ஒரே பேர் வெச்ச புண்ணியவான்களால ஃபோன்ல சப்போர்ட் பண்றப்ப படற பாடு கொஞ்சம் இல்ல. உங்க ஹோம்ல புள்ளியில ஆரம்பிக்கிற ஃபைல் எல்லாம் மறைஞ்சிருக்கே, அது திட்டமிட்டு வெச்ச வசதி இல்லைன்னு ராப் பைக் சொல்லியிருக்கார். ஒவ்வொரு டைரக்டரியிலயும் தன்னைக் குறிக்க ஒரு புள்ளி, மேல இருக்கறதைக் குறிக்க ரெண்டு புள்ளின்னு ரெண்டு பேர் இருக்கும், எல்எஸ்ல அது தெரிய வேண்டாம்னு நினைச்சவங்க முழுப் பேரையும் சரிபாக்காம முதல் எழுத்து புள்ளியான்னு மட்டும் பாத்துட்டு விட்டுட்டாங்க. அந்தச் சோம்பேறித்தனத்துல பிறந்ததுதான் மறைஞ்ச ஃபைல், இன்னைக்கு எல்லா சாஃப்ட்வேரும் வந்து உங்க வீட்ல புள்ளி வெச்ச குப்பையைக் கொட்டுது. இப்ப ஒழுங்கா எழுதினது .கான்ஃபிக், .கேஷ், .லோக்கல் இந்த மூணுக்குள்ள அடங்கிக்கும்.

எல்லா யூனிக்ஸும் இதே மாதிரி இருக்கும்னு நம்பிடாதீங்க. பெர்க்லி யூனிக்ஸ் வழியில வந்த ஃப்ரீபிஎஸ்டில ஓஎஸ்ஸோட வந்தது வேற, நீங்க போட்டது வேறன்னு கறாரா இருப்பாங்க, நீங்க இன்ஸ்டால் பண்றது செட்டிங்ஸோட சேத்து /யூஎஸ்ஆர்/லோக்கல் கீழதான் போகும், என் கணக்குல அதுதான் இருக்கறதுலயே சுத்தமான ஏற்பாடு. மேக்ல ஹோமுக்குப் பேர் /யூஸர்ஸ், ஒவ்வொரு ஆப்பும் ஒரே மூட்டையா /அப்ளிகேஷன்ஸ்ல, ஆனா அடியில தோண்டினா பழைய /பின், /யூஎஸ்ஆர் எல்லாம் அப்படியே இருக்கு. உங்க ஆண்ட்ராய்ட் ஃபோன்ல கர்னல் லினக்ஸ்தான், ஆனா மரம் வேற, /சிஸ்டம், /டேட்டான்னு போகும். ஒரு சாஃப்ட்வேரை அதுக்கு வேண்டியதோட ஒரே மூட்டையா கட்டற ஸ்னாப், ஃப்ளாட்பேக், டாக்கர் எல்லாம் பாத்தீங்கன்னா மறுபடி பொருட்காட்சி ஸ்டாலுக்கே திரும்பற முயற்சிதான், டிஸ்க் மலிவானதால கட்டுபடியாகுது.

கடைசியா உங்க வேலைக்கு. எதை டெலீட் பண்ணா என்ஜின்எக்ஸ் போகும்னு கேட்டீங்கல்ல, கையால எதையும் டெலீட் பண்ணாதீங்க. மளிகைக்கடைக்காரர் கிட்ட ஸ்டாக் நோட்டு இருக்கற மாதிரி எந்த ஃபைல் எந்த பேக்கேஜோடதுன்னு /வார்/லிப்/டிபிகேஜி உள்ள முழுக் கணக்கு இருக்கு. உபுண்டுவோட பேக்கேஜ் கமாண்டான டிபிகேஜி மைனஸ் பெரிய எல் போட்டு பேக்கேஜ் பேரைக் குடுத்தா அது எங்கெங்க என்னென்ன வெச்சிருக்குன்னு பட்டியல் வரும், மைனஸ் பெரிய எஸ் போட்டு ஒரு ஃபைலோட பாதையைக் குடுத்தா அது யாரோடதுன்னு வரும். உபுண்டுல என்ஜின்எக்ஸ் ஒரே பேக்கேஜா வராது, சில துணை பேக்கேஜும் கூட வரும், அதனால பேர் சரியா பாத்துப் போடுங்க. பேக்கேஜ் போட, எடுக்கப் பயன்படற ஏபிடி கமாண்ட்ல ரிமூவ் சொன்னா புரோகிராம் போகும், /இடிசில இருக்கற செட்டிங்ஸ் வேணும்னே விட்டு வைக்கும், நாளைக்கு மறுபடி போட்டா பழையபடி ஓடணும்னு. அதையும் சேத்துத் துடைக்கணும்னா பர்ஜ். நீங்களே எழுதற ஸ்கிரிப்டை /யூஎஸ்ஆர்/பின்ல போடாதீங்க, அது பேக்கேஜ் மேனேஜரோட ஏரியா, அடுத்த அப்டேட்ல மேல எழுதிட்டுப் போயிடலாம். மெஷின்ல எல்லாரும் பயன்படுத்தணும்னா /யூஎஸ்ஆர்/லோக்கல்/பின், உங்களுக்கு மட்டும்னா உங்க ஹோம்ல .லோக்கல்/பின், யாரோ குடுக்கற பெரிய ஜிப் மூட்டை ஒரே ஃபோல்டராத்தான் ஓடும்னா /ஆப்ட். வேற ஏதாவது டைரக்டரியைப் பாத்து இது எதுக்குன்னு தோணினா டெர்மினல்ல மேன் ஹையர்னு அடிச்சுப் பாருங்க, ஹையருக்கு எழுத்து ஹெச் ஐ இ ஆர், ஒவ்வொண்ணுக்கும் ரெண்டு வரி இருக்கும், ஏழாம் வெர்ஷன் காலத்துல இருந்து அந்தப் பக்கம் அதே பேர்லதான் இருக்கு.